கழுவிய கை

பாட்டில் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பெற்றவர்கள் வைத்த பெயர் கழன்று விழுந்துவிடும். காலி பாட்டிலை முகர்ந்து பார்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்ததை ஒதுக்குகிறவள் மூக்கி. விளக்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுக்கும் விரிசலும் பார்க்கிறவள் முழிக்காரி. ஊறின லேபிளைச் சுரண்டி எடுக்கிறவள் லேபிள்காரி. மேஸ்திரி கூப்பிடுவதும் அப்படித்தான், முதலாளி கூப்பிடுவதும் அப்படித்தான். லேபிள்காரியின் புருஷன் வெளியே லாரியில் பாட்டில் அடுக்கின கிரேட் ஏற்றி இறக்குகிற லோடுமேன். அவனே சில சமயம் மறதியில் வீட்டுக்குள் வந்து, "லேபிளு, தண்ணி கொண்டா" என்று சொல்லிவிட்டு முறைப்பு வாங்கிக்கொள்வான்.

வேலை இதுதான். ஊரெல்லாம் குடித்துப் போட்ட பாட்டில்கள் மூட்டை மூட்டையாக வரும். மூக்கி முகர்ந்து தள்ளியது போக மீதியெல்லாம் காரத் தொட்டிக்குள் போகும். அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயில் ஊற்றுவார்களே, அந்தக் காஸ்டிக் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து வைத்திருக்கும் தொட்டி. அதில் ஊறினால் பசை இளகும். பிறகு லேபிள்காரியின் பாடு. கையுறை கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கையுறை போட்டால் லேபிளின் ஓரத்தில் நகம் ஏறாது. ஓரம் கிளம்பாமல் உரிப்பது எப்படி? கூலியோ பாட்டில் கணக்கில். அதனால் கையுறைகள் ஆணியில் தொங்கும், கைகள் தொட்டிக்குள் கிடக்கும்.

இத்தனை வருஷத்தில் லேபிள்காரியின் விரல் நுனிகள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன. அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்குவாள். ஊசி குத்தினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் குத்தியது என்று தெரிந்துகொள்வாள். ஷெட்டில் எல்லாப் பெண்களுக்கும் இதே கதைதான் என்பதால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. பாட்டில் வாயில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க மாட்டார்கள். முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், தோல் மெல்லிசாக இருக்கிற இடத்தில் லேசாக உருட்டிப் பார்ப்பார்கள். கீறினால் கழிவு. வழுக்கிக்கொண்டு போனால் நல்ல பாட்டில். ஷெட்டில் யார் கையைத் திருப்பினாலும் அந்த இடத்தில் பூனை பிராண்டினது போல இருக்கும்.

எல்லாம் முடிந்து கடைசியில் விளக்குப் பெட்டி. உள்ளே டியூப்லைட், முன்னால் பால் கண்ணாடி. பாட்டிலை அதற்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினால் துளிப் பசை இருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட பாட்டில் தேய்த்தவளிடமே திரும்பி வரும். திரும்பி வந்ததற்குக் கூலி கிடையாது. லேபிள்காரியின் பாட்டில் திரும்பி வந்தது அபூர்வம். வாழ்க்கையில் அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்று இருந்தது. இன்னொன்று மகள்.

மகள் எட்டாம் வகுப்பிலிருந்தே விடுமுறை நாட்களில் அம்மாவோடு தொட்டியில் நின்றவள். ஒரு கையால் சுரண்டிக்கொண்டே வாய்க்குள் பாடம் சொல்வாள். "உன் பொண்ணு தேய்க்கிற பாட்டில்ல ஊத்தினா சோடாவுக்கே கணக்கு வரும் அக்கா" என்று மூக்கி கிண்டல் செய்வாள். அப்படிப் படித்துப் படித்துப் பள்ளிக்கூடத்தில் முதல் வரிசைக்கு வந்துவிட்டாள். அதற்கு மேல் போக இருந்தது ஒரே ஒரு கதவு. பெரிய அரசுப் பல்கலைக்கழகம். அங்கே இடம் கிடைத்தால் சம்பளம் கட்ட வேண்டாம், தங்க இடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள். கிடைக்காவிட்டால் காரத் தொட்டி. நடுவில் வேறு எதுவும் இந்தக் குடும்பத்துக்கு இல்லை. இது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும் என்பதால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நுழைவுத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது டியூஷன் மாஸ்டர் லேபிள்காரியை வரச் சொன்னார். பஞ்சர் கடைக்கு மேலே ஒரு அறை. கீழே டயரில் காற்று ஏறுகிற சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்துத்தான் அவர் பாடம் நடத்துவார். அந்தப் பழக்கத்தில் சாதாரணமாகப் பேசினாலும் சண்டை போடுகிற மாதிரி இருக்கும்.

"உக்காருங்கம்மா. சும்மா ஆசை காட்ட மாட்டேன். அங்க இடம் கையளவு, வந்து மோதுற கூட்டம் கடல். உங்க பொண்ணு நல்லாப் படிக்குது. ஆனா அங்க வர்றவங்க எல்லாருமே நல்லாப் படிக்கிறவங்கதானே?"

"அப்ப கெடைக்காதா சார்?"

"நான் அப்படிச் சொன்னேனா? வாய்ப்பைக் கூட்டிக்கணும்னு சொல்றேன். எல்லாரும் கம்ப்யூட்டர், டாக்டருன்னு ஒரே வாசல்ல போய் நெரிவாங்க. நம்ம பொண்ணு மண்ணியல்னு போட்டிருக்கு. அங்க கூட்டம் கம்மி. அது நான் சொன்ன யோசனைதான்."

"மண்ணப் படிக்கவா சார்?"

"ஏன், மண்ணுக்கு என்ன கொறச்சல்? வேலை இருக்கும்மா அதுக்கு." அவர் மேஜையில் விரலால் தட்டினார். "இதைக் கேளுங்க. பரீட்சை கம்ப்யூட்டர்ல. பகுதி பகுதியா வரும். முதல் பகுதி சுலபம். மொழி, சாதாரணக் கணக்கு. நேரம் முடிஞ்சா அது தானா மூடிக்கும், திரும்பத் திறக்க முடியாது. காசைக் கொட்டிப் படிச்ச பசங்க பின்னாடி வர்ற கஷ்டமான பகுதியில அள்ளுவாங்க. நம்ம பொண்ணு முதல் பகுதியில ஒண்ணு விடாம அள்ளணும். அதுதான் நமக்கு அஸ்திவாரம். அதுல கோட்டை விட்டா எல்லாம் போச்சு. புரியுதா?"

புரிந்தது. லேபிள்காரி தலையாட்டினாள்.

"அப்புறம், இந்த ஒரு மாசம் ஷெட்டு வேண்டாம். முழு நேரமும் படிக்கட்டும்."

"சரி சார்."

எழுந்து வாசலுக்கு வந்தவளை மாஸ்டர் மறுபடி கூப்பிட்டார். "பரீட்சை அன்னிக்கு கை சுத்தமா இருக்கணும்மா. எண்ணெய், மை ஒண்ணும் இருக்கக் கூடாது. வாசல்லயே மெஷின்ல விரல் வெக்கச் சொல்வாங்க."

"பதிவு பண்ணப் போனப்ப வெச்சாளே, பச்சை விளக்கு எரிஞ்சிதுன்னு வந்து சொன்னா. அதுவா சார்?"

"அதேதான். பச்சை எரிஞ்சாதான் உள்ள விடுவாங்க."

லேபிள்காரிக்கு உடனே விளங்கிவிட்டது. விளக்குப் பெட்டி. அழுக்கு இருந்தால் உள்ளே விடாது, திருப்பி அனுப்பிவிடும். விளக்குப் பெட்டியை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மகள் வேலையை நிறுத்தினாள். கூலி குறைந்ததை லோடுமேன் கூடுதலாக ஒரு லாரி இறக்கி ஈடுகட்டினான். "யுனிவர்சிட்டிக்குப் போனப்புறம் என்னைய அப்பான்னு கூப்புடுவியா, இல்ல 'ஏய் லோடு'ன்னு கூப்புடுவியா?" என்று முதுகைப் பிடித்துக்கொண்டு மகளைக் கேட்பான்.

"உங்கள எதுக்குப்பா நான் கூப்புடணும்? சாப்பாடு வாசம் வந்தா நீங்களே வருவீங்களே."

அவன் சிரித்துச் சிரித்து இருமினான்.

காரத் தண்ணீரை விட்டு விலகினால் கை உடனே நல்லதாகிவிடாது. முதலில் கெட்டுப்போகும். பழைய தோல் உலர்ந்து செதில் செதிலாக எழும்பும். ஓரங்கள் வெள்ளையாகப் பிய்ந்து தொங்கும். தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மகளின் கை அந்த நிலையில் இருந்தது. மதியம் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவளின் கையை மூக்கி பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அய்யய்யோ, என்னக்கா இது, பாம்புச் சட்டை மாதிரி? இத மெஷின்ல வெச்சா சொறி சிரங்குன்னு நெனச்சு ஓரமா உக்கார வெச்சிருவாங்களே!"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை, போகப் போகச் சரியாயிரும்" என்றாள் மகள்.

"போகப் போகன்னா? பரீட்சை நாளான்னைக்குடி!"

லேபிள்காரி அந்தக் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த நாள் சாயங்காலம் ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர் மொண்டுகொண்டாள்.

வீட்டில் மகள் சுவரில் சாய்ந்து பழைய கேள்வித்தாளை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள். லேபிள்காரி பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, தொட்டித் தண்ணீரைக் கலந்தாள். எவ்வளவு கலந்தால் எரியாது, எவ்வளவு கலந்தால் தோல் இளகும் என்பது அவளுக்கு அளந்து பார்க்காமலே தெரியும்.

"கையக் கொடு."

மகள் ஒரு கையைத் தண்ணீரில் விட்டாள். கண் தாளிலேயே இருந்தது. அந்தக் கை அப்போதைக்கு அவளுக்குத் தேவைப்படவில்லை. அம்மாவுக்கு இரவல் கொடுத்த மாதிரி விட்டுவிட்டாள். நன்றாக ஊறின பிறகு லேபிள்காரி குதிகால் தேய்க்கிற கல்லை எடுத்தாள். சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்தாள். செதில் போனது. செதிலுக்கு அடியில் சொரசொரவென்று ஏதோ கல்லில் தட்டுப்பட்டது. அதுவும் போகிற வரைக்கும் தேய்த்தாள். பாட்டிலில் லேபிளை எடுத்த பிறகும் பசை இருக்கும், பசையை எடுத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். ஒவ்வொரு விரலையும் துடைத்து, தன் முன்கையின் உள்பக்கத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாள். லேசாகக் கீறினது என்று தோன்றிய விரலை மறுபடி தேய்த்தாள். பிறகு மறு கை.

"எரியுதாடி?"

"இல்லம்மா. ரயில் கணக்குல எப்பவும் பாலத்து நீளத்தக் கூட்ட மறந்துடறேன்."

"மறக்காத."

எல்லா விரல்களும் வழுக்கிக்கொண்டு போயின. எலுமிச்சைத் தோலால் ஒரு தடவை துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ரோஜா நிறத்தில் பளபளத்தன. ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

மகள் கையைத் திருப்பிப் பார்த்தாள். "நல்லா இருக்கும்மா. வழவழன்னு."

லோடுமேன் எட்டிப் பார்த்து, "கலெக்டர் பொண்ணு கை மாதிரி இருக்கு" என்றான்.

தேர்வு ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தது. காலையில் கேட்டுக்கு முன்னால் பிள்ளைகளும் பெற்றவர்களும் நெருக்கியடித்து நின்றார்கள். காரில் வந்தவர்கள் காருக்குள் உட்கார்ந்து கடைசி நேரம் வரை படிக்க வைத்தார்கள். லேபிள்காரி மகளின் தோள்பட்டையில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டாள். "பாலம்" என்றாள். "ஞாபகம் இருக்கும்மா" என்று மகள் உள்ளே போனாள்.

வெளியே சாக்கடை மூடின சிமெண்டுப் பலகை மேல் லேபிள்காரி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு அம்மா ஓயாமல் போனில் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே போகிற வரிசை குறைந்து, கேட்டைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் காவலாளி சாத்தின கேட்டுக்குள்ளிருந்து கத்தினான்.

"நீலச் சட்டை போட்ட பொண்ணு, மண்ணியல்! கூட வந்தது யாரு?"

போனில் பேசிக்கொண்டிருந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். லேபிள்காரி எழுந்தாள்.

உள்ளே தாழ்வாரத்தில் ஒரு மேஜை. மேஜை மேல் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு மெஷின். அதற்குப் பின்னால் கழுத்தில் அட்டை மாட்டின ஒரு பெண். பக்கத்தில் தேர்வு அதிகாரி, நடுத்தர வயசு, சட்டைப் பையில் இரண்டு பேனா. மகள் மேஜைக்கு முன்னால் கையை நீட்டியபடி நின்றிருந்தாள். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பத்து விரலும் வெச்சுப் பாத்துட்டேன் சார்" என்றாள் மெஷின் பெண். "ஈரத்துணில தொடச்சுப் பாத்தேன், நெத்தில தேச்சிட்டு வெக்கச் சொன்னேன். எதையும் எடுக்க மாட்டேங்குது. ரேகையே இல்ல சார் இந்தப் பொண்ணுக்கு."

"ரேகை இல்லாம எப்படிம்மா பதிவு பண்ணீங்க?" அதிகாரி திரையைப் பார்த்தார். "இங்க அழகா வரி வரியா இருக்கே. அந்தக் கை எங்க, இந்தக் கை எங்க? ஆள் மாறாட்டம்னு எழுதிட்டா நான் பதில் சொல்லணுமே."

லேபிள்காரி எட்டித் திரையைப் பார்த்தாள். கருப்பில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல். அதில் வளைந்து வளைந்து கோடுகள், உழுத நிலத்தை உயரத்திலிருந்து பார்த்த மாதிரி. பதிவு செய்யப் போன சமயம் ஷெட்டில் தொட்டி ஓட்டையாகி வேலை நின்றிருந்தது. மகள் கை ஆறிப்போயிருந்த சமயம். அப்போதும் அந்தக் கோடுகளை லேபிள்காரி பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருக்கிறது, மெஷின் தேடுவது அதைத்தான் என்று இப்போதுதான் தெரிந்தது. சொரசொரவென்று இருந்ததே, அது.

"என்ன வேலை செய்யுது உங்க பொண்ணு?"

"படிக்குது சார்."

"அது தெரியுதும்மா. கை ஏன் இப்படி இருக்குன்னு கேக்கறேன்."

"நான்தான் நேத்து கழுவி விட்டேன்" என்றாள்.

"கழுவினா ரேகை போயிடுமா?"

அவள் சொன்னாள். ஷெட், காரத் தண்ணீர், கல். சொல்லும்போது தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மகள் அம்மா பக்கம் திரும்பவே இல்லை; மூடியிருந்த தேர்வு அறையின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவின் கண்ணாடி வழியாக வரிசையாகத் திரைகள் வெளிச்சமாகத் தெரிந்தன.

அதிகாரி கெட்டவர் இல்லை. மேலே யாருக்கோ போன் செய்தார். போன் எடுக்கவில்லை. மறுபடி செய்தார். யாரோ எடுத்து வேறு யாரிடமோ கொடுத்தார்கள். "ஆமா சார், போட்டோ ஒத்துப் போகுது. ஆமா. ரேகைதான். இல்ல சார், சுத்தமா இல்ல." உள்ளே ஒரு மணி அடித்தது. மகள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"முதல் பகுதி ஆரம்பிச்சிருச்சு சார்."

"இரும்மா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

கடைசியில் மேலிடம் சொன்னது இது: பெற்றவர்களில் ஒருவர், இவள் என் மகள்தான் என்று எழுதிக்கொடுத்து ஒப்பம் வைத்தால் அனுமதிக்கலாம். அதிகாரியே வேகவேகமாக எழுதினார். "கையெழுத்துப் போடுவீங்களா?"

"இல்ல சார். கைநாட்டு."

மெஷின் பெண் மைப் பெட்டியை நகர்த்தினாள். லேபிள்காரி இடது கட்டைவிரலை மையில் அழுத்தி, காட்டின இடத்தில் வைத்து எடுத்தாள். அதிகாரி குனிந்து பார்த்தார். நீல மையில் ஒரு முட்டை வடிவம். உள்ளே ஒரு கோடு கிடையாது.

"என்னம்மா இது, மை சிந்தின மாதிரி இருக்கு? அடுத்த கை வைங்க."

அடுத்த கையும் அப்படித்தான். தாளில் இரண்டு நீலப் பொட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. மெஷின் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி தாளைப் பார்த்தார், மகள் கையைப் பார்த்தார், லேபிள்காரி கையைப் பார்த்தார்.

"சரி விடு. ரெண்டு பேருக்கும் ஒரே கை. அம்மா பொண்ணுதான், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? உள்ள அனுப்பு."

மகள் ஓடவில்லை. வேகமாக நடந்து கதவைத் திறந்துகொண்டு போனாள். லேபிள்காரி விரல் மையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அதே பலகை மேல் உட்கார்ந்தாள். வெயில் ஏறியிருந்தது. பலகை சுட்டிருக்க வேண்டும். பக்கத்திலிருந்த அம்மா எழுந்து நிழலுக்குப் போனபோதுதான் அவளும் எழுந்தாள்.

தேர்வு முடிந்து எல்லாப் பிள்ளைகளும் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். மகள் கடைசியில் வந்தாள்.

"முதல் பகுதி?" என்று கேட்டாள் லேபிள்காரி.

"மூடிருச்சும்மா. நான் உக்காரும்போது ரெண்டாவது தெறந்துட்டு இருந்துச்சு."

"கேட்டுப் பாத்தியா?"

"மெஷின்கிட்ட எப்படிம்மா கேக்கறது?"

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. லேபிள்காரி பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். மகள் ஒன்று விடாமல் சாப்பிட்டாள். இறங்குகிற இடம் வந்தபோது, "பாலம் வந்துச்சும்மா. மூணாவது பகுதில. கூட்டிட்டேன்" என்றாள்.

வீட்டு வாசலில் லோடுமேன் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக நின்றிருந்தான். "என்னாச்சு? என்னாச்சு?" லேபிள்காரி வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள், "அங்க மெஷின் ரிப்பேர்ப்பா. உள்ள விடவே லேட்டாயிருச்சு. முதல் பகுதி எழுத முடியல."

"அடப் பாவிங்களா! ரிப்பேர் மெஷின வெச்சுக்கிட்டா பரீட்சை நடத்துறானுங்க? நம்ம ஷெட்டுல நடந்தா மேஸ்திரி தோலை உரிச்சிருப்பாரு." அவன் அன்று முழுக்கத் திட்டினான். லேபிள்காரி அந்தப் பொய்யைத் திருத்தவில்லை. திருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுந்து போனாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

முடிவு வந்தபோது மகள் பெயர் இல்லை. மாஸ்டர் அறையில் கீழிருந்து காற்று ஏறுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவர் கம்ப்யூட்டரை அம்மா மகள் பக்கம் திருப்பினார்.

"மத்த பகுதியெல்லாம் நான் நெனச்சதவிட நல்லா செஞ்சிருக்கு. முதல் பகுதியில பாதி வந்திருந்தாக்கூட மண்ணியல் கெடைச்சிருக்கும். அதுல சைபர். சைபரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"கை சுத்தமா இருக்கணும்னு சொன்னீங்க சார்" என்றாள் லேபிள்காரி. குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு மாஸ்டர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கத்திப் பேசிப் பழகினவர் குரலை இறக்கினார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம்மா. அதோட சரி." தொண்டையைச் செருமினார். "வாய்ப்பு எப்படிக் கூடும்னு நீங்க கேப்பீங்க. படிப்புல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. கை தண்ணில படாம பாத்துக்கங்க."

அடுத்த நாளே லேபிள்காரி மேஸ்திரியிடம் போய் நின்றாள். வீட்டில் சும்மா உட்கார வைத்துச் சோறு போட வழியில்லை. மகளும் ஷெட்டுக்கு வந்தாக வேண்டும். ஆனால் தொட்டிக்கு இல்லை. விளக்குப் பெட்டிக்கு. முழிக்காரிக்குக் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வடிந்துகொண்டிருந்த நேரம் அது. வேறு வேலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெளக்குப் பெட்டில கண்ணு போயிரும் லேபிளு" என்றார் மேஸ்திரி. "முழியப் பாத்தீல்ல?"

"கண்ணு ஒரு வருஷம் தாங்கும்."

"என்ன கணக்கு இது?"

"கணக்குத்தான்" என்றாள்.

அப்படி மகள் விளக்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். உலர்ந்த வேலை. கூலி குறைவு. மடியில் புத்தகம் வைக்க முடியாது, கண்ணை எடுக்கக் கூடாது. வாய்க்குள் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். ஒருநாள் லேபிள்காரி தேய்த்த பாட்டிலே திரும்பி வந்தது, அடியில் நகக்கண் அளவு பசையோடு. ஷெட்டே திரும்பிப் பார்த்தது.

"அம்மாவுதுன்னு பாத்து விட்டுறக் கூடாதாடி?" என்றாள் மூக்கி.

"தெரியுது அத்தை. தெரிஞ்சா எப்படி விடறது?"

லேபிள்காரி பாட்டிலை வாங்கி மறுபடி தொட்டிக்குள் விட்டாள். அவளுக்குக் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை.

வீட்டில் மகளைப் பாத்திரம் தொட விடவில்லை, துணி தொட விடவில்லை. ஒருநாள் சாப்பிட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனவளைப் பாதி வழியில் பிடுங்கி நிறுத்தினாள். லோடுமேன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன, ராஜகுமாரியா வளக்கற? ஒரு தட்டு கழுவினா தேஞ்சா போயிருவா?"

"தேஞ்சு போவா."

"என்ன சொல்ற?"

"அன்னிக்கு மெஷின் ரிப்பேர் இல்ல. நான்தான் கையத் தேச்சேன். ரேகை போயிருச்சு. அதான் விடல."

மகள் சுவரைப் பார்த்தாள். லோடுமேன் தன் உள்ளங்கையைத் திருப்பி, கிரேட்டுக் கம்பி பட்டுப் பட்டுக் காய்த்துப்போன இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"தேய்க்கிறதுதானே நமக்குத் தெரியும்" என்றான். லேபிள்காரி கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு போய் அவனே கழுவினான். சோப்பு சரியாகப் போகவில்லை.

அடுத்த வருஷப் பதிவுக்கு நாள் குறித்துவிட்டதாக மாஸ்டர் சொல்லியனுப்பின அன்று, மதியச் சாப்பாட்டு நேரம். ஷெட்டில் எல்லோரும் கவிழ்த்துப் போட்ட கிரேட்டுகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மகள் கண்ணை மூடிக்கொண்டு இமைகளை அழுத்தி விட்டுக்கொண்டிருந்தாள். விளக்குப் பெட்டியை விட்டு எழுந்தால் கொஞ்ச நேரம் எல்லாம் வெள்ளையாகத் தெரியும் என்பாள். லேபிள்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கையக் கொடு."

மகள் கண்ணைத் திறக்காமல் கையை நீட்டினாள். லேபிள்காரி கட்டைவிரலைப் பிடித்துத் தன் விரலால் தடவினாள். ஒன்றும் தெரியவில்லை. இருக்கிறதா இல்லையா என்று அவள் விரலுக்குச் சொல்லத் தெரியாது.

"வந்திருக்காடி?"

"வந்திருக்கும்மா. பாரு."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோடு மாதிரி ஏதோ இருந்தது. அவளுக்கு இப்போது கண்ணிலும் நம்பிக்கை இல்லை. புடவையை ஒதுக்கி, முழங்கைக்குக் கீழே, உள்பக்கத்துத் தோலில், மகளின் விரல் நுனியை வைத்து மெதுவாக இழுத்தாள்.

"கழிவா, நல்லதா?" என்று எதிரிலிருந்து மூக்கி கேட்டாள்.

லேபிள்காரி அடுத்த விரலை வைத்து இழுத்தாள். அதற்கடுத்ததை. ரொம்ப மெல்லிசாக, சில்லு பெயர்ந்த பாட்டில் கீறுவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இருக்காது, ஆனால் ஒவ்வொரு விரலும் தோலைப் பிடித்தது.

"கீறுது" என்றாள்.

மேஸ்திரி மணியை அடித்தார். மகளின் கையை அவள் மடியிலேயே வைத்துவிட்டு லேபிள்காரி எழுந்து தொட்டிக்குப் போனாள்.